கழுவிக் கெட்ட ஓவன்கள்

(வீட்டிலேயே கேக், பிஸ்கட், மக்ரூன் செய்து விற்கும் பெண்களுக்காகத் தூத்துக்குடியில் நடந்த பயிற்சி முகாமில், வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஓவனை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுத்தத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? என் மேசைக்கு வந்து சேருகிற ஓவன்களைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். அவற்றில் அழுக்கால் கெட்டவை குறைவு. கழுவிக் கெட்டவைதான் அதிகம்.

போன் வரும். "அண்ணே, நேத்துதான் உள்ளயும் வெளியயும் நல்லாத் தேச்சுக் கழுவி வெச்சேன். இன்னிக்குப் போட்டா வீடே ட்ரிப் ஆகுது." தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்பேன். "ஊத்தலண்ணே, லேசாத் தெளிச்சேன்" என்பார்கள். போய்ப் பார்த்தால் அடித்தட்டின் மடிப்பில் தண்ணீர் நிற்கும். ஒரு மாதம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, விருந்தாளி வருகிறார்கள் என்றதும் ஒரே நாளில் போர் தொடுக்கிறோமே, அந்த நாளில்தான் ஓவன் சாகிறது.

சரி, ஓவனுக்குள் ஒட்டிக்கொள்வது என்ன என்று முதலில் பார்ப்போம். அது தெரிந்துவிட்டால் எதைக் கொண்டு எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் தானே விளங்கிவிடும்.

கேக் டின்னிலிருந்து ஒரு சொட்டு வெண்ணெய் வழிந்து சுவரில் படுகிறது. அன்றைக்கே துணியால் துடைத்தால் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு மறுநாள் 180 டிகிரியில் இன்னொரு கேக் வைக்கிறீர்கள். அந்தச் சொட்டும் சேர்ந்து வேகிறது. கொழுப்பின் மூலக்கூறுகள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாக மாறிவிடுகின்றன. புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குகிறோம் அல்லவா? கல்லில் நாம் வேண்டி உண்டாக்குகிற அதே கறுப்புப் பூச்சுதான் இது. பழக்கிய கல்லை எத்தனை தடவை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் பூச்சு போகாது. ஓவன் சுவரில் மட்டும் எப்படிப் போகும்? தோசைக்கல்லில் அதைக் காப்பாற்றப் பாடுபடுகிற நாம், ஓவனில் அதைச் சுரண்டிச் சுரண்டிக் கை நோகிறோம்.

சர்க்கரை வேறு வகை. மக்ரூன் போடுகிறவர்களுக்கு இது அன்றாடம். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை தட்டின் ஓரம் வழிந்து அடியில் விழும். 160, 170 டிகிரியைத் தாண்டினால் சர்க்கரை உருகிப் பாகாகிப் பழுப்பாகும். இன்னும் ஏறினால் கரி. பாகாக இருக்கும்வரை வெந்நீர்த் துணி போதும், கரைந்து வந்துவிடும். கரியான பிறகு தண்ணீரில் கரையாது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: "ஓவனையே முழுச் சூட்டில் வைத்துவிட்டால் அழுக்கெல்லாம் எரிந்து போகாதா?" நல்ல கேள்வி. அப்படி எரிகிற ஓவன் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1963இல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே சூடு 480 டிகிரிக்கு அருகில் ஏறும். அந்தச் சூட்டில் கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சாம்பலாகிவிடும். ஆறிய பிறகு துணியால் வழித்தால் சரி. நம் வீட்டு மேடையில் இருக்கும் சிறிய மின்சார ஓவன், அதாவது ஓ.டி.ஜி., பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். 250 டிகிரி கொழுப்பைச் சாம்பலாக்காது; இன்னும் இறுக்கிக் கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். கூடவே எண்ணெய் கருகிய புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். அழுக்கை எரிக்கிறேன் என்று ஓவனைக் காலியாக ஓட்டுகிறவர்கள் மின்சாரச் செலவு செய்து அழுக்குக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். காலியாக ஓட்டுவதற்கு ஒரே ஒரு நாள் உண்டு. அது புதிதாக வாங்கி வந்த நாள். தொழிற்சாலையில் சூடேற்றும் ராடு மேல் தடவிய எண்ணெய் போவதற்காக, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஓட்ட வேண்டும்.

இனி, எதைக் கொண்டு எடுப்பது? கொழுப்புக்குப் பகை காரம். கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பாகிவிடும். சோப்பு தண்ணீரோடு போய்விடும். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்த்தது இதனால்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். கூடவே நயமான மணல்போலத் தேய்ப்பும் கிடைத்தது. இன்றைக்குக் கையில் இருப்பது ஆப்ப சோடா. அது மிக மெல்லிய காரம். அதைவிடப் பல மடங்கு வீரியம் சலவைச் சோடாவுக்கு. அதற்கும் மேலே காஸ்டிக் சோடா; கடையில் ஓவன் கிளீனர் என்று டப்பாவில் விற்கும் பலவற்றில் வேலை செய்வது அதுதான்.

ஆப்ப சோடாவைத் தூவி அதன் மேல் வினிகர் ஊற்றுவதைச் செல்போனில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புசுபுசுவென்று பொங்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் பொங்கிப் போய்விடுகின்றன. மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். சோடாவைத் தனியாகக் குழைத்து இரவு முழுக்க ஊறவிட்டால் அது வேலை செய்யும். கடினத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைத் திட்டு கண்ணாடியில் இருந்தால் அதற்கு வினிகரைத் தனியாகத் தொட்டுத் துடைக்கலாம். போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இது தேவைப்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் நுரைதான் மிச்சம்.

அப்படியென்றால் வீரியமான காரத்தையே வாங்கி அடித்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஓவனின் உட்சுவரைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் கறுப்பாகவோ கருநீலமாகவோ கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் அது எனாமல். இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு. ஓவன் கிளீனரைத் தாங்கும். சாம்பல் நிறத்தில், உள்ளே பூப்பூவாகப் படிகம் படர்ந்த மாதிரி மினுங்கினால் அது துத்தநாகம் பூசிய தகடு. மங்கலான வெள்ளி நிறம் என்றால் அலுமினியம் பூசியதாக இருக்கலாம். விலை குறைந்த ஓ.டி.ஜி.க்களில் இந்த இரண்டும் நிறைய. துத்தநாகம், அலுமினியம் இரண்டையும் காஸ்டிக் சோடா தின்றுவிடும். அழுக்கோடு பூச்சும் போகும். பூச்சு போன இடத்தில் இரும்பு வெறுமனே நிற்கும். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று உப்பளம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. அலுமினியக் கேக் டின்னைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டு அது கறுத்துப்போனதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சோடா போட்டவர்களும் உண்டு.

ஆகவே நான் சொல்லும் முறை சாதுவானது. கேக் எடுத்த பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். அரை மணி, முக்கால் மணி போகட்டும். சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நேரம்தான் சரியான நேரம். கொழுப்பு இன்னும் இளகியிருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட வெந்நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு துடைப்பு. பிறகு வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் காய்ந்த துணி. பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் செய்கிறவர்கள் வீட்டுக்கு நான் அநேகமாகப் போவதே இல்லை. என் பிழைப்புக்கு அது நல்லதல்ல என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடியில் ஒரு தகட்டுத் தட்டு இழுத்தால் வரும், தூள் விழும் தட்டு. அதை இழுத்துப் பார்க்காமலே வருடக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ரஸ்க் தூள், முந்திரித் துணுக்கு, உருகிய சீஸ் எல்லாம் அங்கே குவிந்து, அடி ராடின் சூட்டில் ஒரு நாள் பற்றிக்கொள்ளும். பற்றினால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, மூடியபடியே விடுங்கள். காற்றுக் கிடைக்காமல் தானே அவியும். கம்பி ரேக்கையும் இந்தத் தட்டையும் வெளியே எடுத்து வெந்நீரில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊறப்போடலாம். ஓவனுக்கு உள்ளே மட்டும் தண்ணீர் கூடாது.

கதவுக் கண்ணாடி உறுதியூட்டப்பட்ட கண்ணாடி. அடி விளிம்பில் பாகு வழிந்து கோடாக இறுகியிருக்கும். அங்கே ஆப்ப சோடாவைத் தோசை மாவுப் பதத்தில் குழைத்துப் பூசி இரவு விட்டு, காலையில் பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வழித்தால் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த கண்ணாடி அன்றைக்கு ஒன்றும் செய்யாது. என்றைக்கோ ஒரு நாள் சூட்டில் இருக்கும்போது சில்லுச் சில்லாகக் கொட்டும். சூடான கண்ணாடியில் ஈரத் துணி வைப்பதும் அப்படித்தான்.

ராடு. மேலே இரண்டு, கீழே இரண்டு இருக்கும். அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் மேல் விழுந்தது அதன் சூட்டிலேயே எரிந்துவிடும். சில ஓ.டி.ஜி.க்களில் பக்கச் சுவரை ஒட்டி, பென்சில் பருமனில் ஒரு உலோகக் குழல் கிளிப்பில் மாட்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைச் சொல்வது அதுதான். தேய்க்கிற வேகத்தில் அது கிளிப்பிலிருந்து நழுவித் தகட்டின் மேல் சாய்ந்துவிட்டால், ஓவன் 180 என்று நினைக்கும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். "மாவு அதே மாவு, அளவு அதே அளவு, ஒரு மாசமா கேக் நடுவுல அமுங்குது" என்று சொன்னவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல.

இனி மழைக்காலக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிறிஸ்துமஸ் கேக் சமயத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான்.

அந்த ராடு வெறும் கம்பி அல்ல. வெளியே எஃகுக் குழாய். நடுவில் சுருள் சுருளாக நிக்ரோம் கம்பி. இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டை விடும், மின்சாரத்தை விடாது என்பது அந்தத் தூளின் அருமை. அதற்கு ஒரு குணக்கேடு, ஈரத்தை உறிஞ்சும். ராடின் இரண்டு முனையிலும் ஈரம் புகாமல் அடைப்பு வைத்திருப்பார்கள். நாளாக ஆக அது வெடித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓவனைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு, டிசம்பரில் முந்திரி, திராட்சையெல்லாம் ஊறவைத்துத் தயாராகிப் போடுவீர்கள். தூளில் ஏறிய ஈரத்தின் வழியாக மின்சாரம் வெளிக் குழாய்க்குக் கசியும், அங்கிருந்து எர்த்துக்கு. மெயின் போர்டில் இருந்து மின்கசிவைக் கண்காணிக்கும் இ.எல்.சி.பி. உடனே விழுந்துவிடும். ஊற்றிக் கழுவினாலும் இதுதான் நடக்கும். முதலில் சொன்ன போன் இதுவே.

அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். எர்த் வயரைக் கழற்றி விட்டுவிட்டால் ட்ரிப் ஆகாது என்று. உண்மைதான், ஆகாது. கசிகிற மின்சாரம் ஓவன் உடம்பில் நின்று, அடுத்து அதைத் தொடுகிற ஆளுக்காகக் காத்திருக்கும். ஈரக் கையோடு தரையில் நின்று கதவைத் திறக்கப் போவது நீங்கள். தயவுசெய்து அந்த வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மெக்கர் என்ற கருவியால் எந்த ராடு கசிகிறது என்று அளந்து, காயவைத்துப் பார்க்கலாம்; காய்ந்தும் கசிந்தால் ராடை மாற்றிவிட வேண்டும். வராமல் பார்த்துக்கொள்வதற்கு வழி எளிது. மழை மாதங்களில் வேலை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100 டிகிரியில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். காலியாக ஓட்டக் கூடாது என்று சற்று முன் சொன்னது அழுக்கை எரிப்பதற்காக. இது ஈரம் காய. உள்ளே துடைத்த பிறகு ஓட்டினால் இரண்டும் சரியாகிவிடும்.

மைக்ரோவேவுக்கு வருகிறேன். அது சூடான பெட்டியே அல்ல. அதனால் அங்கே கரி பிடிப்பது குறைவு, தெறிப்பது அதிகம். அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் ராடார் குழல்களோடு வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், சட்டைப்பையில் இருந்த மிட்டாய் இளகியதைக் கவனித்து 1945இல் தொடங்கிய வேலை இது. முதலில் வந்த இயந்திரம் 300 கிலோவுக்கு மேல். இன்று உங்கள் மேடையில் இருப்பதில் அந்த ராடார் குழல்தான், மாக்னெட்ரான் என்ற பெயரில், சின்னதாக உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே வலது பக்கச் சுவரில், அட்டை மாதிரி ஒரு வெளிர்பழுப்புத் தகடு தெரியும். அது மைக்கா. அதற்குப் பின்னால் இருந்துதான் அலை உள்ளே வருகிறது. அட்டைதானே என்று பிய்த்துப் போட்டவர்கள் உண்டு, அதன் மேல் குழம்பு தெறித்ததைத் துடைக்காமல் விட்டவர்கள் எண்ணிலடங்கார். தெறித்த எண்ணெய் காய்ந்து அந்த இடம் கருகும். கருகிய புள்ளி அலையைத் தன்பால் இழுத்து மேலும் சுடும். பிறகு பட் பட்டென்று பொறி பறக்கும். பயந்து மைக்ரோவேவையே மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது அந்தத் தகடு மட்டும். உதிரிபாகக் கடையில் பெரிய தகடாகவே கிடைக்கும். பழையதை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, கிளிப்புக்கோ திருகுக்கோ ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். சேதம் சுவரின் பூச்சுவரை போயிருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

தெறித்ததை எடுக்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மேலும் ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் வைத்துவிட்டுத் துடைத்தால் எல்லாம் வந்துவிடும். கிண்ணத்தில் ஒரு மரக்கரண்டி போட்டு வையுங்கள். வழவழப்பான கிண்ணத்தில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் சலனமில்லாமல் இருந்து, கை பட்டதும் மொத்தமாகப் பொங்கி முகத்தில் அடித்துவிடும். கதவும் சட்டமும் சேரும் விளிம்பை மறக்காதீர்கள். அங்கே உணவு காய்ந்து மேடு கட்டினால் கதவு சரியாக மூடாது. மூடாத கதவோடு அதை இயக்கக் கூடாது.

வெளி மூடியை மட்டும் யாரும் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வைத்திருக்கும். தொழில் தெரிந்தவர்களே அதில் மாண்டிருக்கிறார்கள்.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. சூட்டுக்காகக் கரப்பான் உள்ளே போகும், அதைத் தேடிப் பல்லி போகும், சர்க்யூட் போர்டின் மேல் இரண்டு புள்ளியைச் சேர்த்தாற்போல் படுத்து உயிரையும் விட்டு போர்டையும் கொன்றுவிடும். பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடச் சொல்லவில்லை, மூடினால் சூடு வெளியேறாது. சுற்றிலும் மாவுத் தூள் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், சாப்பாடு இல்லாத இடத்துக்குக் கரப்பான் ஏன் வருகிறது? பிளக் இன்னொன்று. 2,000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடாதீர்கள். மாதம் ஒரு தரம் பிளக்கைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை, விற்கிறவர்கள் என்பதால். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சிக்கன் கிரில் செய்துவிட்டு, திங்கட்கிழமை அதே ஓவனில் பட்டர் கேக் வைத்தால், வெண்ணெய் வாடையை அப்படியே வாங்கிக்கொள்ளும். எசென்ஸைக் கூடுதலாக ஊற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். வசதி இருந்தால் இரண்டு ஓவன். இல்லையென்றால் ஆர்டர் இருக்கும் வாரம் வீட்டில் கிரில் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். துடைக்கிற வேலையையும் அவரிடமே கொடுக்கலாம், சாப்பிட்டவர்தானே.

கடைசியாக, எப்போது கைவிடுவது? ஓ.டி.ஜி.யின் அடித்தட்டில் துரு துளையாகிவிட்டால், கதவுக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டால், மைக்ரோவேவின் கதவுச் சட்டம் வளைந்துவிட்டால், ரிப்பேர் பேச்சே வேண்டாம். மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பிளக் வயரை உடம்போடு ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது நல்ல ஓவன் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி கரண்டில் சொருகுவார்கள். வெட்டிய வயரைத் தூக்கிப் போட வேண்டாம். செம்புக்கு இப்போது நல்ல விலை.